பறவைப் பெயர் தெரியாத ஆசிரியர் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப் போகலாமா?

சமவெளியிலிருந்து மாற்றலாகிக் கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறீர்கள். ஆறு முதல் எட்டு வரை 34 பிள்ளைகள், பைனாகுலர் இல்லை, செலவு செய்யப் பணமும் இல்லை, உங்களுக்கோ காகம், மைனா, கிளி, கரிச்சான் தவிர வேறு பறவை தெரியாது. இந்த நிலையில் பறவை பார்ப்பதைப் பள்ளியில் தொடங்கலாமா, என்ன வாங்க வேண்டும், பாடத்துக்கு இதனால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு பிள்ளை விரலை நீட்டி "அது என்ன பறவை?" என்று கேட்டால், 34 பேர் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்வது? அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

என் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக என்னைப் பற்றிக் கொஞ்சம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் 26 ஆண்டு அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். படித்தது தாவரவியல். கடைசி 18 ஆண்டு, வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளோடு பறவை பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள், எங்கே தடுமாறுவார்கள், எத்தனையாவது வாரம் அலுத்துப்போவார்கள் என்பதெல்லாம் நானே கண்டது. பறவைகளைப் பற்றிச் சொல்லப்போவது புத்தகங்களிலும், என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்களிடமும் கற்றது. என் அனுபவம் முழுக்க நீலகிரியின் கிழக்குச் சரிவில்தான். கூடலூர்ப் பக்கமோ கொடைக்கானலோ என்றால் மழை மாதமும் பறவைகளும் மாறும்.

சரி, அந்தக் கேள்வி. தெரியாது என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு அதை நோட்டில் எழுதவும் வேண்டும். என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் பக்கத்தை மூன்று கட்டமாகக் கோடு போட்டு வைத்திருக்கும். முதல் கட்டம் 'பார்த்தது'. அடுத்தது 'நினைத்தது'. கடைசி 'தெரியாதது'. "கருப்பாக இருந்தது, வேலிக்கல் மேல் உட்கார்ந்தது, தரைக்குப் பாய்ந்து திரும்பவும் அதே கல்லுக்கு வந்தது" என்பது முதல் கட்டத்தில் போகும். "பூச்சி பிடிக்கிறது போல" என்பது இரண்டாவதில். "பெயர் என்ன? ஏன் அதே கல்லுக்கு வருகிறது?" என்பது மூன்றாவதில். ஆசிரியர் நோட்டிலும் இதே மூன்று கட்டம் வேண்டும். உங்கள் மூன்றாவது கட்டம் ஒரு வாரமும் காலியாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் அதை எட்டிப் பார்ப்பார்கள். டீச்சரும் எழுதியிருக்கிறார் என்று கண்டதும், அதுவரை கப்சிப்பென்று இருந்த பிள்ளைகூடத் தன் மூன்றாவது கட்டத்தை நிரப்ப ஆரம்பிக்கும்.

பறவை பார்ப்பதில் நாம் கற்றுத் தருவது இந்தக் கோட்டைத்தான் என்று நான் நினைக்கிறேன். கண்ணால் கண்டது எவ்வளவு, நாமாகச் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால், பெயரை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். பெயரை முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பேர் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். "சின்னானா, சரி" என்று எழுதிவிட்டு அடுத்த பறவையைத் தேடுவார்கள். பெயர் தெரியாத ஆசிரியருக்கு இந்த அவசரம் இல்லை. அந்த வகையில் உங்கள் நிலைமை எனக்கு இருந்ததைவிட மேல். நான் முதல் ஆண்டே ஐம்பது பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போய், வகுப்பையே பெயர் ஒப்பிக்கும் வகுப்பாக்கி, ஓர் ஆண்டை வீணடித்தவள்.

அதன்பிறகு மாற்றிக்கொண்டேன். முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு பறவை. எங்கள் பக்கம் அதற்குச் செம்மீசைச் சின்னானைவிட நல்லது கிடையாது. கொண்டைக்குருவி என்றும் சொல்வார்கள். கொம்பு மாதிரி கருப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு, வெள்ளைக் கன்னம், வாலடியில் சிவப்பு. எல்லாப் பள்ளியின் வேலியிலும் இருக்கும், மனிதர்களுக்கு அதிகம் பயப்படாது, நாள் முழுக்கக் கத்தும். "சின்னான் காலை பத்து நிமிடத்தில் என்ன செய்தது?" இவ்வளவுதான் முதல் மாதப் பாடம். இரண்டாவது வாரம் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், "அதே பறவைதானே டீச்சர்" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்றாவது வாரத்தில் வேறு மாதிரிக் கேள்விகள் வரும். எப்போதும் இரண்டிரண்டாகத்தான் வருமா? உண்ணிச்செடிப் பழத்தை விழுங்குகிறதே, விதை எங்கே போகும்? (எச்சத்தில் போய்ப் புது இடத்தில் முளைக்கும். உண்ணிச்செடி இந்த மலையெல்லாம் பரவியதில் சின்னானுக்கும் பங்கு உண்டு. இது உறுதியாகத் தெரிந்த விஷயம்.)

ஒரு மே மாதக் கடைசியில், விடுமுறையில் பள்ளிக்கு விளையாட வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் ஓடி வந்தார்கள். கொண்டை இருக்கிறது, கன்னம் வெள்ளையாக இருக்கிறது, சிவப்புப் பொட்டு மட்டும் இல்லை, இது என்ன என்றார்கள். நானும் போய்ப் பார்த்தேன். பொட்டு இல்லைதான். "இது வேறு வகைச் சின்னானாக இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அதை அவர்கள் 'பார்த்தது' கட்டத்தில் எழுதிக்கொண்டார்கள், டீச்சர் சொன்னதாயிற்றே. நான்கு நாள் கழித்து அதே பெண், பொட்டு வைத்த சின்னான் ஒன்று இந்தப் பொட்டில்லாததற்குப் பழம் ஊட்டியதைப் பார்த்துவிட்டாள். அது குஞ்சு. செம்மீசைச் சின்னானின் இளம் பறவைக்கு அந்தச் சிவப்புப் பொட்டு இருக்காது, வளர வளரத்தான் வரும். ஜூனில் பள்ளி திறந்ததும் எல்லார் முன்னாலும் என் வரியை அடித்து, 'நினைத்தது' கட்டத்துக்கு மாற்றி எழுதினேன். அவள் பெயரையும் தேதியையும் பக்கத்தில் எழுதினேன். அந்த நாளுக்குப் பிறகு என் வகுப்பில் "தெரியாது" என்பதற்கு யாரும் கூச்சப்படவில்லை.

பெயர் தெரியாத பறவையை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். பிள்ளைகள் முதலில் நிறத்தைத்தான் சொல்வார்கள். நம் மலையில் நிறம் ரொம்பவே ஏமாற்றும். மூடுபனியில் எல்லாப் பறவையும் சாம்பல் நிறம், வெயிலுக்கு எதிரே எல்லாமே கருப்பு. ஓடைப் பக்கம் விசிலடிக்கும் சீகாரப் பூங்குருவி நிழலில் கன்னங்கரேலென்று தெரியும். ஒரு துண்டு வெயில் பட்டால்தான் அது எவ்வளவு நீலம் என்று புரியும். (அதன் பாட்டு, ஒரு பையன் யோசனையில்லாமல் விசிலடித்துக்கொண்டே நடப்பது போல இருக்கும். அதனால் அந்தக் காலத்து ஆங்கிலேயர் அதற்குப் பள்ளிச் சிறுவன் என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஒரு நாள் முழுக்க விசில் சத்தம்தான்.) அதனால் நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காகம் அளவா? அப்புறம் அலகு: கொக்கி போலவா, ஊசி போலவா, கட்டையா? எங்கே இருந்தது: தரை, புதர், மரத்தண்டு, உச்சிக்கிளை? என்ன செய்தது? வால் எப்படி? இந்த ஐந்தையும் எழுதிய பிள்ளை நிறத்தை எழுத மறந்திருந்தாலும் பெரும்பாலும் பறவையைக் கண்டுபிடித்துவிடலாம். நிறத்தை மட்டும் எழுதியிருந்தால் முடியாது.

சமவெளிக்காரர் என்பதும் உங்களுக்கு ஒரு பலம். உங்கள் ஊரில் கரண்டுக் கம்பி மேல் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். இங்கே அந்த இடத்தில் பெரும்பாலும் சிட்டுக்குருவி அளவில் ஒரு புதர்ச்சிட்டு இருக்கும். ஆண் கருப்பு, இறக்கையில் வெள்ளைக் கீற்று. பெண் முழுக்கப் பழுப்பு. மேலே நான் சொன்ன வேலிக்கல் பறவை இதுதான். கீழே சாம்பல் கழுத்துக் காகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள், இங்கே முழுக்கருப்பு அண்டங்காக்கையைப் பார்ப்பீர்கள். மலையிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு இது வித்தியாசமாகப் படாது, உங்களுக்குப் படும். "எங்கள் ஊரில் இப்படி இல்லையே, ஏன்?" என்று நீங்கள் கேட்டாலே அதில் உயரம், குளிர், மழை, காடு என்று ஒரு புவியியல் பாடம் இருக்கிறது.

இடத்தைப் பொறுத்தவரை நான் பிடிவாதமாக ஒன்று சொல்வேன். முதல் ஆண்டு பள்ளி வளாகத்தை விட்டு வெளியே போகாதீர்கள். ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்), நான்கு சில்வர் ஓக், ஒரு வேலிப்புதர், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடை, வேலிக்கு அப்பால் தேயிலை. இது போதும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அதே பத்து நிமிடம் பார்த்தால்தான் மாற்றம் கண்ணில் படும். வாரம் ஒரு புது இடம் போனால் அது சுற்றுலா ஆகிவிடும். பிள்ளைகள் மகிழ்வார்கள், ஆனால் இரண்டு வாரத்தை ஒப்பிட முடியாது. நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விடியற்காலைதான் சிறந்தது என்பது உண்மை. ஆனால் நம் பள்ளத்தாக்குகளில் வெயில் தாமதமாகத்தான் ஏறும், ஒன்பது மணிக்கும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். காலை வழிபாட்டுக்கு முன்போ பின்போ கிடைக்கும் பத்து நிமிடத்தில்தான் நான் 18 ஆண்டு ஓட்டினேன்.

சில்வர் ஓக்கில் புல்லுருவி படர்ந்திருந்தால் அதிர்ஷ்டம். அங்கே நீலகிரிப் பூக்கொத்தி வரும். கட்டைவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஒன்பது சென்டிமீட்டர், சாயம் போன பச்சை, பார்க்க ஒன்றுமே இல்லாத பறவை. ஆனால் அது புல்லுருவிப் பழத்தை விழுங்கும், பிசின் போல ஒட்டும் விதை வெளியே வரும்போது கிளையில் உடம்பைத் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும், அங்கேயே அடுத்த புல்லுருவி முளைக்கும். பறவைக்குச் சாப்பாடு, செடிக்கு வாகனம், மரத்துக்கு ஒட்டுண்ணி என்று மூன்றையும் ஒரே மரத்தடியில் நின்று பிள்ளைகள் பார்க்கலாம். எட்டாம் வகுப்பில் ஒட்டுண்ணி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி விளக்கியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிய வேண்டும். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை, கண் மேல் வெள்ளைப் புருவமும் செம்பழுப்பு வயிறுமாக, கூட்டமாகச் சிரிப்பது போலக் கத்திக்கொண்டு புதருக்குள் திரியும். உலகத்திலேயே இந்த மலையிலும் இதை ஒட்டிய உயரமான பகுதிகளிலும் மட்டும்தான் இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள இனம். தெற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பழனி மலைக்குப் போனால் இதன் உறவான வேறு ஒரு சிரிப்பான் இருக்கிறது. சோலைக்காட்டின் இருட்டில் வாழும் நீலநிறச் சோலைக்கிளியும் (பெயர்தான் கிளி, உண்மையில் ஒரு சின்னக் குருவி) அப்படியே, கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறு இனம். குளிர்ந்த மலையுச்சியை விட்டுக் கீழே இறங்காத பறவைக்கு, நடுவில் இருக்கும் தாழ்ந்த வெப்பமான கணவாய் கடல் மாதிரி. இவற்றின் மரபணுவை ஆராய்ந்து 2017-ல் இரண்டு புதிய பேரினங்களையே அறிவித்தார்கள். அதில் சோலைக்கிளிகளின் பேரினத்துக்கு அறிவியல் பெயர் 'சோலிகோலா'. நம் சோலை என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் இப்போது அதைச் சோலாகிளி என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் பள்ளியில் இந்திய வரைபடத்தில் பாலக்காட்டுக் கணவாயைச் சிவப்புப் பென்சிலால் வரைந்து, இரண்டு பக்கமும் இரண்டு சிரிப்பானை ஒட்டி வைத்திருந்தோம். அதன் பிறகு கணவாய் என்றால் என்ன என்று யாரையும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பைனாகுலருக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் வேண்டாம் என்பது என் கருத்து. கையில் இருந்தால் பிள்ளைகள் பறவையை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள். பிறகு யாராவது உதவி செய்தால் எட்டு மடங்கு பெருக்குவதாக, எடை குறைந்ததாக ஒன்றிரண்டு வாங்குங்கள். மேலே 8×30 என்று போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 8×42-இல் வெளிச்சம் கூடுதல், மங்கலான சோலைக்கு நல்லது, ஆனால் பதினோரு வயதுப் பிள்ளையின் கைக்குக் கனம். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று விளம்பரம் செய்வதை வாங்காதீர்கள், சின்னக் கையில் நடுங்கிப் படம் நிற்காது. இரண்டு குழலையும் மடக்கிக் குறுக்கினால் பிள்ளையின் கண் இடைவெளிக்கு வருகிறதா என்று கடையிலேயே பிள்ளையை வைத்துப் பாருங்கள். பயன்படுத்தும்போது கயிறு கழுத்தில் விழுந்த பிறகுதான் கையில் தர வேண்டும். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பையன், ஆறாம் வகுப்பு. எப்போதும் பக்கத்துப் பிள்ளை எழுதியதையே கொஞ்சம் மாற்றி எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று இரண்டு முறை கடிந்துகொண்டேன். ஒரு நாள் எல்லாரும் சில்வர் ஓக் உச்சியைக் காட்டுகிறார்கள், இவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வேறு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவனுக்கு மரமே கலங்கலாகத்தான் தெரிகிறது என்று. கண் பரிசோதனைக்கு அனுப்பினோம், கிட்டப்பார்வை. அதுவரை கரும்பலகையும் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. வகுப்பறையில் ஆறு மாதம் நான் கவனிக்காமல் விட்டதை மரத்தடி காட்டிக் கொடுத்தது. பிறகு வந்த ஆண்டுகளில் இன்னும் சிலரை அப்படிக் கண்டுபிடித்தேன். உங்கள் முதல் மாதத்தில், யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று பறவையைவிடப் பிள்ளைகளை அதிகம் கவனியுங்கள். கண்ணாடி வரும்வரை அவனுக்குச் சத்தத்தை எண்ணும் வேலை கொடுத்தோம். குக்குறுவான் பத்து நிமிடத்தில் எத்தனை முறை விட்டுவிட்டுக் கூவியது என்று அவன்தான் கணக்கு வைத்தான்.

பாடத்துக்குப் பயன் உண்டா? நேரடியாகச் சேரும் இடங்கள் உறுதி. வாராவாரம் எண்ணியதைப் பட்டை வரைபடமாக வரையலாம், சராசரி எடுக்கலாம். தேயிலைப் பக்கம் பார்த்த இனங்கள் எத்தனை, வேலிப்புதர்ப் பக்கம் எத்தனை என்று ஒப்பிடலாம். தேயிலையை ஒரே உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறோம், புதரில் பழம், பூ, முள், நிழல் எல்லாம் இருக்கிறது, ஏன் எண்ணிக்கை மாறுகிறது என்று அவர்களே சொல்லட்டும். பார்த்ததைப் பார்த்தபடி ஐந்து வரி எழுதுவது தமிழ்ப் பாடத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று தமிழாசிரியரே என்னிடம் சொன்னதுண்டு. ஆனால் இதனால் மதிப்பெண் கூடும் என்று தலைமையாசிரியரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். என் பிள்ளைகளில் சிலருக்குக் கூடியது, சிலருக்கு அப்படியேதான் இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே ஆர்வமாக வந்தார்களா, வந்ததால் நன்றாகப் படித்தார்களா என்று என் பதிவுகளை வைத்துப் பிரிக்க முடியாது. பத்து நிமிடம்தான், போர்ஷன் கெடாது, சுற்றுச்சூழல் மன்றத்தின் பெயரில் நடத்துகிறேன் என்று சொல்லுங்கள். அது பெரும்பாலும் எடுபடும்.

நோட்டின் 'நினைத்தது' கட்டத்துக்கு நல்ல தீனி போடும் ஒரு கேள்வியைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள்: "செல்ஃபோன் டவரால்தானே சிட்டுக்குருவி அழிந்தது?" வீட்டில், டிவியில் எல்லாரும் சொல்வது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வந்த அறிக்கை, நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்று சொன்னது. டவரால்தான் குறைந்தது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. கூடு வைக்க ஓட்டு இடுக்கு இல்லாதது, குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சி குறைந்தது போன்றவை காரணமாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள், அவையும் 'இருக்கலாம்' என்ற அளவில்தான். இதைப் பிள்ளைகளிடம் அப்படியே வையுங்கள். அந்த அறிக்கையின் 2023 பதிப்பு 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அதற்கான தகவலில் பெரும்பகுதி சாதாரணப் பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் என்ற இணையதளத்தில் பதிந்தவை. நோட்டில் கோடு போட்டு எழுதுவது எங்கே போய்ச் சேரும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நீங்களும் ஈபேர்டில் பதியலாம், இலவசம். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டாம், உங்கள் கணக்கு ஒன்று போதும். தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பேர், எத்தனை பறவை என்று கேட்கும். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதியுங்கள். குளிர்காலத்தில் இலைக்கு நடுவே துறுதுறுவென்று ஓடும் பச்சைநிறக் கதிர்க்குருவிகளைத் தேர்ந்தவர்களே சத்தத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். "ஏதோ ஒரு கதிர்க்குருவி" என்று பதிய அதிலேயே வழி இருக்கிறது, அதில் எந்தக் குறைவும் இல்லை. மெர்லின் என்ற செயலி படத்தையும் சத்தத்தையும் வைத்துப் பெயர் சொல்லும், உதவியானதுதான். ஆனால் அது சொல்வதும் 'நினைத்தது' கட்டத்தில்தான் போக வேண்டும். கண்ணால் பார்த்து உறுதியானால் முதல் கட்டத்துக்கு மாற்றலாம். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலக அளவில் ஒரு கணக்கெடுப்பு, அதையொட்டி வளாகங்களுக்கென்றே ஒன்றும் உண்டு. முதல் ஆண்டு அந்த வளாகக் கணக்கெடுப்பில் மட்டும் சேருங்கள்.

படகர் வீட்டுப் பிள்ளைகள், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட் தொழிலாளர் பிள்ளைகள் எல்லாரும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். வீட்டில் பாட்டி தாத்தாவிடம் இந்தப் பறவைக்கு என்ன பெயர் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத பெயர்கள் வரும். எந்தப் பறவை கத்தினால் மழை, எது வந்தால் எந்தப் பழம் பழுக்கும் என்றெல்லாம் வரும். மழை பற்றிய நம்பிக்கைகளில் எவ்வளவு சரி என்பது வேறு விஷயம். அதையும் எழுதி வைத்து, அடுத்த ஜூனில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயர்களை மட்டும் திருத்தாதீர்கள். எங்கள் சுவர்ப் பட்டியலில் புத்தகத் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுப் பெயரும் இருக்கும், சொன்ன பாட்டியின் ஊரும் இருக்கும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். நீங்கள் புதியவர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை பகலிலேயே நிற்கும். பார்க்கச் சாதுவாக இருக்கும், கிட்டே போனால் பாயும். கரடியும் சிறுத்தையும் அதிகாலையிலும் அந்தியிலும் நடமாடும். பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி என்றால் அன்று வகுப்பறையில் சத்தம் மட்டும் கேளுங்கள். வேலியோரம் செந்தட்டி இருந்தால் முதல் நாளே காட்டிவிடுங்கள், தொட்டால் எரிச்சல் அடங்க வெகுநேரம் ஆகும். காப்புக்காட்டுக்குள் போக மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், சுற்றுக் கிராமங்களுக்குத் தண்ணீர் தரும் காடு, 2024-ல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதை இரண்டாம் ஆண்டில், அனுமதியோடும் வனத்துறை ஆளோடும், பதினைந்து பிள்ளைகளுக்கு மிகாமல் அழைத்துப் போய்க் காட்டுங்கள். கூட்டைத் தேடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். தற்செயலாகக் கண்டால் தள்ளி நின்று ஒரு நிமிடம், அவ்வளவுதான். முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாகவே கருதப்படும். பறவையின் குரலை ஃபோனில் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று அது குஞ்சை விட்டுவிட்டு ஓடி வரும்.

புத்தகம் எது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் நோட்டு வாங்குங்கள், 34 பேருக்கும் உங்களுக்குமாக 35. படங்கள் உள்ள நல்ல தமிழ்க் கையேடு ஒன்று ஜனவரியில் வாங்கினால் போதும், அதற்குள் அவர்களிடம் அதைத் திறந்து தேட வேண்டிய கேள்விகள் சேர்ந்திருக்கும்.

நீங்கள் கேட்டிருப்பது ஆகஸ்ட் கடைசியில். இது நல்ல நேரம். இமயத்திலும் அதற்கு வடக்கிலும் கூடு கட்டும் சாம்பல் வாலாட்டி, குளிர்காலத்துக்கு நம் மலைக்கு முதலில் வந்து சேரும் பறவைகளில் ஒன்று. முதுகு சாம்பல், அடிப்பக்கம் மஞ்சள், நீண்ட வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடை, சாக்கடை, ஈரமான சாலையோரம் என்று தரையில் ஓடும். ஒரு முறை பார்த்தால் மறக்காது. திங்கட்கிழமை முதல், உங்கள் சத்துணவுக் கூடத்துச் சாக்கடையை நாளுக்கு இரண்டு பிள்ளைகளாக முறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வராத நாளில் "வரவில்லை" என்று எழுத வேண்டும், அதுவும் முதல் கட்டத்தில்தான். எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடைக்கு இன்று காலை வரைக்கும் வரவில்லை. உங்கள் பிள்ளைகள் முந்திக்கொண்டால் தேதியை இங்கே எழுதுங்கள்.